கீல் இல்லாமல் அசையும் பாகம்: ஆய்வுத்தாளின் படத்திலிருந்து கையில் பிடிக்கும் மாதிரி வரை

ஷாம்பு பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பின் இல்லை, தனிக் கீலும் இல்லை. பாலிப்ரொப்பிலீன் ஒரு கோடு மாதிரி மெலிந்து, ஏறக்குறைய 0.3 மி.மீ. தடிமனில் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாட்டில் காலியாகி குப்பைக்குப் போகும் வரை அது அறுவதில்லை. பொருள் வளைவதையே அசைவாக எடுத்துக்கொள்ளும் இந்த அமைப்புகளுக்கு கம்ப்ளையன்ட் மெக்கானிசம் என்று பெயர். தமிழில் நெகிழ் இயங்கமைப்பு எனலாம். எந்திரவியல் வடிவமைப்பு ஆய்வில் புதுக் கருத்துகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் பகுதி இது. ஆய்வுத்தாளில் படம் கண்ணைப் பறிக்கும். அதை முப்பரிமாண அச்சில் எடுத்து மேசையில் வைத்தால் பாதிக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் அந்த மூடியை வைத்தே ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். 0.3 மி.மீ. தடிமனுள்ள பட்டை 1.5 மி.மீ. நீளத்துக்குள் முழுதாக 180 டிகிரி மடங்கினால், வளைவின் ஆரம் 0.48 மி.மீ. வெளிப்பரப்பில் திரிபு (நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது) தடிமனில் பாதியை ஆரத்தால் வகுத்தது, அதாவது 31 சதவீதம். பாலிப்ரொப்பிலீனின் மீட்சி எல்லை (விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும் வரம்பு) 2 சதவீதத்தைச் சுற்றித்தான். ஆக அந்தக் கீல் மீட்சிக்குள் வேலை செய்யவே இல்லை. வார்த்தெடுத்ததும் சூடு ஆறுவதற்குள் ஒருமுறை மடிக்கிறார்கள். மூலக்கூறுச் சங்கிலிகள் மடிப்புக்குக் குறுக்கே நீண்டு வரிசையாகிவிடுகின்றன. அதன்பிறகுதான் அது லட்சக்கணக்கான மடிப்பைத் தாங்குகிறது. உருகிய பிளாஸ்டிக் கீலைக் குறுக்கே கடந்து ஓடும்படி வார்ப்பு அச்சின் வாயை வைக்க வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து கீலின் மேல் சந்தித்தால் அந்த ஒட்டுக்கோட்டிலேயே கிழியும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த மூடி. அதன் வடிவத்தை மட்டும் பார்த்து பிஎல்ஏ என்ற அச்சு பிளாஸ்டிக் இழையில் 0.3 மி.மீ. கீல் அச்சிட்டால் மூன்றாவது மடிப்பில் கையோடு வந்துவிடும். குறை அச்சு இயந்திரத்தில் இல்லை.

கருத்து பிறக்கும் மூன்று வழிகள்

இந்தத் துறையின் தாள்களைப் படிப்பவர், ஒரு கருத்து எந்த வழியில் பிறந்தது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. எங்கே உடையும் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய வழி, திண்ணமான பாகத்தில் ஓர் இடத்தை மட்டும் மெலியவைப்பது. 1965-இல் பாரோஸ், வைஸ்போர்ட் இருவரும் வட்டக் குடைவுக் கீலுக்கு எழுதிய சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதன்படி திருப்பு விறைப்பு, கழுத்தின், அதாவது மிக மெலிந்த இடத்தின், தடிமனின் 2.5-ஆம் அடுக்கைப் பொறுத்தது. குடைவின் ஆரம் வர்க்கமூலமாக மட்டுமே உள்ளே வருகிறது. ஆரத்தில் தவறினால் பொறுத்துக்கொள்ளும், கழுத்தில் தவறினால் விடாது. துல்லியமான நகர்வு மேடைகளில் இந்த வகை அதிகம். சில டிகிரிக்கு மேல் திருப்ப நினைக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, அசோக் மிதாவும் லாரி ஹவெலும் 1990-களில் வளர்த்த போலித் திண்மப் பொருள் மாதிரி. வளையும் பட்டையை, பின் போட்ட இரண்டு குச்சிகளும் ஒரு முறுக்கு ஸ்பிரிங்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. ஒரு முனை பிடிக்கப்பட்ட பட்டையின் மறுமுனையைச் செங்குத்தாகத் தள்ளினால், கற்பனைப் பின் அந்தத் தள்ளிய முனையிலிருந்து நீளத்தின் 0.85 பங்கில் உட்காரும். ஸ்பிரிங்கின் விறைப்பு, யங் குணகத்தையும் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புதிறனையும் (அந்த வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு) பெருக்கி, நீளத்தால் வகுத்து, ஏறக்குறைய 2.25-ஆல் பெருக்கியது. அந்தப் பின்னைச் சுற்றி 64 டிகிரி வரை, முனை போகும் பாதையில் பிழை 0.5 சதவீதத்துக்குள். பெரிய வளைவுக்கு நீள்வட்டத் தொகையீடு போட்டுத் திணறிய இடத்தில், நான்கு குச்சி இணைப்புக் கணக்கு போதும் என்று ஆனது. எனக்குக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மாதிரி அசைவையும் விசையையும் நன்றாகச் சொல்லும். பக்கவாட்டில் எவ்வளவு தொய்யும் என்பதை வாய் திறந்து சொல்லாது.

மூன்றாவது, கணினியே வடிவத்தைத் தேடுவது. 1988-இல் பென்ட்சோவும் கிகுச்சியும் தொடங்கிய வடிவமைப்பு உகப்பாக்கத்தை, 1990-களில் அனந்தசுரேஷ், கோட்டா, சிக்மண்ட் முதலானோர் நெகிழ் இயங்கமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சதுரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எங்கே பொருள் இருக்கலாம், எங்கே வேண்டாம் என்று நிரல் தீர்மானிக்கும். உள்ளே தள்ளினால் வெளியே எவ்வளவு நகர்கிறது என்பதே மதிப்பெண். அங்கேதான் வில்லங்கம். தடையே இல்லாத கீல் கிடைத்தால் வெளி நகர்வு அதிகமாகும். நிரலும் அதைத்தான் தேடிப் போகும். நான்கு முனைச் சதுரக் கட்டங்களில் இரண்டு கட்டங்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டால், கணக்கில் அது உராய்வில்லாத பின். நிஜத்தில் அங்கே பொருளே இல்லை. படத்தில் கறுப்புத் தூண்கள் புள்ளியாகக் கூர்ந்து சந்திக்கும் இடங்களைத் தேடுங்கள். இருந்தால் அதுதான். அதை 0.8 மி.மீ. கழுத்தாக மழுக்கி அச்சிட்டால் விறைப்பு ஏறி, தாளில் சொன்ன நகர்வில் ஒரு பகுதிதான் வரும். இன்னும் மெலிய விட்டால் திரிபு முழுவதும் அந்தக் கழுத்தில் குவிந்து உடையும்.

மருந்து இருக்கிறது. 2011-இல் வாங், லாசரோவ், சிக்மண்ட் மூவரும் முன்வைத்த உறுதியான வடிவாக்கத்தில், ஒரே வடிவத்தை மூன்று விதமாகக் கணக்கிடுவார்கள்: சுற்றிலும் கொஞ்சம் அரித்தது, உள்ளபடி, கொஞ்சம் தடித்தது. மூன்றில் மோசமானதை உயர்த்துவதுதான் இலக்கு. புள்ளிக் கீல் அரித்த வடிவில் அறுந்துபோகும் என்பதால் நிரலே அதைத் தவிர்த்துவிடும். பட்டறையில் கூடக்குறைய வருவதற்கும் இதிலேயே ஓர் ஈடு கிடைக்கிறது. ஒரு தாளில் இந்த மாதிரியான வடிகட்டலோ, குறைந்தபட்சத் தடிமன் நிபந்தனையோ இல்லையென்றால் அந்தப் படத்தை ஓவியமாக ரசித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம்.

ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எண் போட்டுப் பார்த்தால்தான் நிலைமை புரியும். இணைபட்டை மேடை என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி: அடிச்சட்டம் ஒன்று, நகரும் மேடை ஒன்று, இரண்டையும் இணைக்கும் ஒரே அளவுள்ள இரண்டு மெல்லிய பட்டைகள். பட்டையின் நீளம் 50 மி.மீ., அகலம் 10, தடிமன் 0.8, இரண்டு பட்டைகளுக்கும் இடையே 30 மி.மீ. பொருள் பெட்ஜி என்ற அச்சு பிளாஸ்டிக், யங் குணகம் 2,000 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். வேண்டிய நகர்வு பக்கத்துக்கு 5 மி.மீ.

தாங்குமா என்று பார்க்க வேண்டியது திரிபை. பட்டையின் வேரில் வரும் அதிகபட்சத் திரிபு: மூன்றைத் தடிமனாலும் நகர்வாலும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தது. இங்கே 12-ஐ 2,500-ஆல் வகுத்தால் 0.48 சதவீதம், தகைவில் (ஓரலகு பரப்பில் விழும் விசை) 9.6 மெகாபாஸ்கல். பெட்ஜியின் மீட்சி எல்லையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. திரும்பத் திரும்ப அசையும் அச்சிட்ட பிளாஸ்டிக்குக்கு 0.5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் விளம்பர மாதிரிக்குச் சரி, விற்கும் பொருளுக்கு ஆகாது.

அந்த வாய்பாட்டில் யங் குணகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு திரிபு வேண்டும் என்பதை வடிவம்தான் தீர்மானிக்கிறது. அதைப் பொருள் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. உடையாமல் இருக்க இன்னும் தடிக்கவை என்பது பழகிய புத்தி. இங்கே தடித்தால்தான் உடையும். 1 மி.மீ. ஸ்பிரிங் எஃகுப் பட்டையில் இதே நகர்வுக்குத் தகைவு 1,200 மெகாபாஸ்கல் வரும், போய்விடும். 0.3 மி.மீ. பட்டையில் 360 மெகாபாஸ்கல், காலம் முழுக்க ஓடும்.

பொருளைத் தேர்ந்தெடுக்க மீட்சி எல்லைத் தகைவை யங் குணகத்தால் வகுத்துப் பார்த்தால் போதும். சாதாரணக் கட்டுமான எஃகு 0.13 சதவீதத்துக்குள் நின்றுவிடும். 6061 அலுமினியம் 0.4, 7075 ஏறக்குறைய 0.7, ஆறு-நான்கு டைட்டேனியம் 0.75-ஐத் தாண்டும். பிளாஸ்டிக்குகள் 2 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். எண்ணைப் பார்த்தால் பிளாஸ்டிக்கே ராஜா. ஆனால் அது நேரத்தோடு தளரும், அதைப் பிறகு சொல்கிறேன். அலுமினியத்துக்கு எஃகு மாதிரி தெளிவான களைப்பு எல்லை கிடையாது; சிறு தகைவிலும் சுற்றுகள் கூடக்கூட ஆயுள் கரையும். தாளில் அலுமினிய மாதிரியைப் பார்த்தால் எத்தனை சுற்று ஓட்டினார்கள் என்று தேடுங்கள்.

விசைக்கு வருவோம். இரண்டு பட்டைகளும் சேர்ந்த விறைப்பு: 24-ஐ யங் குணகத்தாலும் நிலைமத் திருப்புதிறனாலும் பெருக்கி, நீளத்தின் மூன்றாம் அடுக்கால் வகுத்தது. மேலே சொன்ன அளவுக்கு மில்லிமீட்டருக்கு 0.164 நியூட்டன். 5 மி.மீ. தள்ள 0.82 நியூட்டன் வேண்டும். நிலைமத் திருப்புதிறனுக்குள் தடிமனின் மூன்றாம் அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. பட்டை 0.8-க்குப் பதில் 0.9 என்று அச்சாகிவிட்டால் விறைப்பு 42 சதவீதம் ஏறும். வெறும் 0.1 மி.மீ.க்கு! தாளில் விறைப்பை மூன்று தசம இடத்துக்குக் கொடுத்துவிட்டு, அச்சான பட்டையின் தடிமனை அளந்து சொல்லாதவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அச்சிடும்போது

0.4 மி.மீ. நாசிலில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) 0.8 என்பது சரியாக இரண்டு வரி. பல ஸ்லைசர்கள் (வடிவத்தை அடுக்கடுக்காக வெட்டி அச்சு இயந்திரத்துக்கு அனுப்பும் மென்பொருள்கள்) தாமாகவே வரி அகலத்தை 0.42 அல்லது 0.45 என்று வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் இரண்டு வரியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி பட்டை தடிக்கும், இல்லையென்றால் ஸ்லைசர் ஒரே வரியாகப் போட்டுவிடும். அகலத்தைக் கையால் 0.4 என்று வைத்து, அடுக்கு முன்னோட்டத்தில் பட்டைக்குள் இரண்டு வரி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 1 மி.மீ. என்ற முழு எண் ஆசையை விட்டுவிடலாம். இரண்டு வரிக்கு நடுவே 0.2 மி.மீ. பள்ளம் விழுந்து, இடைவெளி நிரப்பல் அதில் துண்டுதுண்டாக எதையோ திணிக்கும்.

பாகத்தைப் படுக்கவைத்தே அச்சிட வேண்டும். மேலிருந்து பார்த்தால் முழு இயங்கமைப்பும் தெரிய வேண்டும், பட்டையின் 10 மி.மீ. அகலம் உயரமாக எழ வேண்டும். அப்போது இழை பட்டையின் நீளத்தில் ஓடும், வளைவு இழையை இழுக்கும். நிறுத்திவைத்து அச்சிட்டால் வளைவு அடுக்குகளைப் பிரித்து இழுக்கும், வேரில் சுத்தமாகப் பிளந்துவிடும்.

படுக்கவைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் அடுக்கு தட்டில் நசுங்கி 0.1, 0.2 மி.மீ. அகலமாகப் பரவும். பட்டையின் அடிவிளிம்பு மட்டும் தடித்திருக்கும். மேல்விளிம்பு எளிதாக வளைய, அடிவிளிம்பு முரண்டு பிடிக்க, மேடை நகரும்போது லேசாகத் திருகும். ஸ்லைசரில் முதல் அடுக்கு ஈடுசெய்தலை இயக்குவது ஒரு வழி. நம்பிக்கை இல்லாவிட்டால் பட்டையின் அடிவிளிம்பில் 0.3 மி.மீ. சரிவெட்டு கொடுத்து வரையலாம்.

வேர்களில் ஃபில்லட் (மூலையை வளைவாக மழுக்குவது) போட மறக்கக் கூடாது. தடிமன் அளவுக்காவது, 0.8 மி.மீ. ஆரம். ரொம்பப் பெரிதாகப் போட்டால் வளையும் நீளம் குறைந்து திரிபு ஏறும்.

அளக்கும்போது

டயல் கேஜ் இருக்கிறதே என்று எடுத்து மேடைமேல் வைத்தால் கணக்கு அங்கேயே கெட்டது. அதன் உள் ஸ்பிரிங் ஒரு நியூட்டன் அளவுக்குத் தள்ளும். நம் மேடையை 5 மி.மீ. நகர்த்தவே 0.82 போதும். தொடாமல்தான் அளக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் மில்லிமீட்டர் தாளை ஒட்டி, கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு எடைக்கும் ஒரு படம் எடுத்தால் போதும். கேமரா தூரமாக இருக்கட்டும், தேவையானால் ஜூம் செய்யுங்கள். கிட்டே வைத்தால் கோணப் பிழை நுழையும்.

அடிச்சட்டத்தை இடுக்கியில் பிடித்து, பட்டைகள் கிடைமட்டமாகவும் மேடை மேலும் கீழும் அசையும்படியும் வையுங்கள். மேடை தன் எடையால் தொய்ந்து நின்ற இடமே சுழி. 20 கிராம் தொங்கவிட்டால் 1.2 மி.மீ., 50 கிராமுக்கு 3.0, 80 கிராமுக்கு 4.8 வர வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் குறித்துக்கொண்டு, கோட்டின் சாய்வை எடுங்கள். ஒற்றைப் புள்ளியை நம்பக் கூடாது. இறங்கும் கோடு ஏறிய கோட்டோடு சேராமல் வளையமாக நின்றால் இரண்டு சந்தேகம்: பிளாஸ்டிக்கின் பிசுக்குத்தன்மை, அல்லது இடுக்கியில் வழுக்கல். எடையை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சுழிக்கு மெல்லத் திரும்பி வந்தால் முதலாவது, வராமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் இரண்டாவது.

சாய்வு கணக்கைவிடக் குறைவாக வந்தால் பொருளைத் திட்டுவதற்கு முன் அடிச்சட்டத்தைப் பாருங்கள். பட்டை வேர்விடும் இடம் முழுத் திண்மம் என்பது நம் அனுமானம். அது 20 சதவீத நிரப்பலோடு அச்சான பெட்டி என்றால் அதுவும் சேர்ந்து வளையும். வேரைச் சுற்றி 5 மி.மீ.யாவது முழு நிரப்பல் கொடுங்கள்.

இதே மேடையை நிமிர்த்தி, பட்டைகள் செங்குத்தாக நிற்க, மேடைமேல் 300 கிராம் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டு விறைப்பு 0.164-லிருந்து 0.093-க்கு இறங்கிவிடும், ஏறக்குறைய 43 சதவீதம் போச்சு. அழுத்தம் ஏறஏற விறைப்பு கரைந்து, 680 கிராம் வாக்கில் மேடை தானே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தலைகீழாகத் தொங்கவிட்டு அதே எடையைக் கட்டினால் விறைப்பு கூடும். ஒரே பாகம்தான், வைக்கும் விதத்தில் மூன்று விறைப்பு. தாளில் எந்த நிலையில் அளந்தார்கள் என்று எழுதாமல் விட்டால் அந்த எண்ணை என்ன செய்வது?

மற்ற திசைகள்

புதுக் கருத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது நகரும் திசையை அல்ல, நகரக் கூடாத திசைகளை. பின் மூட்டு ஒரு திசையை விட்டு மற்றதை இறுகப் பிடிக்கும். பட்டை எல்லாத் திசையிலும் விட்டுக்கொடுக்கும், சில திசைகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. அந்த விகிதம்தான் தரம்.

நம் மேடையில் பட்டையின் நீளவாக்கில் விறைப்பு மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன். நகரும் திசையைவிட 3,900 மடங்கு. பிரமாதம்தான், நேராக நிற்கும்வரை. 5 மி.மீ. நகர்ந்து பட்டை வளைந்து நிற்கும்போது அதே திசையில் 40 சதவீதம் குறைந்துவிடுகிறது, ஏனென்றால் வளைந்த பட்டையை இழுத்தால் அது நிமிரப் பார்க்கும். இந்த இழப்பு நகர்வைத் தடிமனால் வகுத்த எண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றும். தடிமனை 0.4 ஆக்கினால் மிஞ்சுவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஷோர்யா அவ்தார், ஸ்லோகம் முதலானோர் 2007-இல் வெளியிட்ட பட்டைக் கட்டுப்பாட்டு மாதிரியில் இதற்கான குணகங்கள் எல்லாம் கையடக்கமாக இருக்கின்றன. எஃப்இஏ (வடிவத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி முறை) ஓட்டுவதற்கு முன் அதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். எஃப்இஏ ஓட்டும்போது பெரிய உருமாற்றம் என்ற தேர்வை இயக்காவிட்டால் இந்த இழப்பு விடையில் தெரியவே தெரியாது.

இன்னொன்று, மேடை நேர்கோட்டில் போவதில்லை. பக்கவாட்டில் நகரும்போது அடிச்சட்டத்தை நோக்கிக் கொஞ்சம் இறங்கும்: 0.6-ஐ நகர்வின் வர்க்கத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தது. இங்கே 0.3 மி.மீ. லென்ஸைத் தாங்கும் மேடைக்கு இது கொலைக்குற்றம், பொத்தானுக்கு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இதைத் தவிர்க்க மறுபக்கமும் இரண்டு பட்டை போட்டு இறுகப் பிடித்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். மேடை இறங்க வழியில்லாமல் பட்டைகள் நீண்டாக வேண்டிவரும். பட்டையின் தடிமன் அளவுக்கு நகர்வதற்குள்ளேயே விறைப்பு மளமளவென்று ஏறும். மடித்த பட்டை அமைப்பு இதற்குப் பதில்: மேடை ஓர் இடைச்சட்டத்திலிருந்து தொங்கும், இடைச்சட்டம் அடிச்சட்டத்திலிருந்து தொங்கும், இரண்டு இறக்கமும் ஒன்றையொன்று கழிக்கும். ஆனால் இடைச்சட்டம் யார் பிடியிலும் இல்லாமல் தனியாக அதிரத் தொடங்கும். வேகமாக இயங்கும் பொருளில் அந்த அதிர்வெண்ணைக் கணக்கிடாமல் விட்டால் பிறகு பாடு.

செங்குத்துத் தொய்வுக்கு மருந்து அகலம். பட்டையின் அகலத்தை 10-லிருந்து 20 ஆக்கினால் நகர்த்தும் விசை இரண்டு மடங்குதான் ஆகும், தளத்துக்கு வெளியே வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்கு ஏறும். இவ்வளவு மலிவாக இந்தத் துறையில் வேறொன்றும் கிடைக்காது.

எது பொருளாக வந்தது, எது வரவில்லை

தாள்களின் முன்னுரையில் ஒரே பல்லவிதான்: உராய்வில்லை, எண்ணெய் வேண்டாம், பிளே (மூட்டின் தளர்வு) இல்லை, ஒரே பாகம். எல்லாம் உண்மை. சொல்லாமல் விடுவது, வளைந்த பட்டை எப்போதும் திரும்பத் துடிக்கும் என்பதை. பின் மூட்டை வைத்த இடத்தில் அது நிற்கும். நம் மேடையை 5 மி.மீ.யில் நிறுத்திவைக்க 0.82 நியூட்டன் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். மோட்டார் சும்மா நிற்கும்போதும் மின்சாரம் குடிக்கும். எதிர்விறைப்புள்ள, முன்பே அமுக்கிவைத்த பட்டையைச் சேர்த்து இந்த விசையைச் சமன்செய்யும் ஆய்வு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்டரின் குழுவில் நிறைய நடந்தது. உலோகத்திலும் சிலிக்கனிலும் அது அருமையான கருத்து. பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள். அமுக்கிவைத்த பட்டை நாளுக்கு நாள் தளரும், சமன் கெடும். பிளாஸ்டிக்குக்கு ஒரே விதி, பொருள் அதிக நேரம் இருக்கும் நிலையில் பட்டை வளையாமல் இருக்க வேண்டும். எப்போதும் திறந்தே கிடக்கும் கிளிப்பை மூடிய நிலையில் அச்சிட்டால் அது ஒரு மாதத்தில் மூடவே மறந்துவிடும்.

வெற்றி பெற்றவற்றைப் பாருங்கள். 2017-இல் ஜெனித் நிறுவனம் காட்டிய டெஃபி லேப் கைக்கடிகாரத்தில், சமநிலைச் சக்கரம், மயிரிழை ஸ்பிரிங் உட்பட ஏறக்குறைய 30 பாகங்களுக்குப் பதில் 0.5 மி.மீ. தடிமனுள்ள ஒரே சிலிக்கன் தகடு. வழக்கமான கடிகாரம் நொடிக்கு 4 முறை ஆடும், இது 15 முறை. ஆனால் ஆட்டத்தின் அளவு 6 டிகிரிதான். வழக்கமான சக்கரம் கிட்டத்தட்ட முழு வட்டமே சுற்றும். சின்னக் கோணம், மைக்ரான் துல்லியத்தில் அரித்தெடுக்கும் முறை, தளராத பொருள் என்று மூன்றும் சேர்ந்தன. ஸ்ரீதர் கோட்டாவின் ஃப்ளெக்ஸிஸ் நிறுவனம் செய்த வளையும் இறக்கை விளிம்பை நாசா 2014 நவம்பரிலிருந்து 2015 ஏப்ரல் வரை ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்தில் 22 முறை பறக்கவிட்டது. ஒவ்வொரு பறத்தலிலும் மடலை மைனஸ் 2-க்கும் 30 டிகிரிக்கும் இடையே ஒரு கோணத்தில் நிலைநிறுத்தித்தான் பறந்தார்கள். இடைவெளியே இல்லாத பரப்பு என்பதே அங்கே லாபம். பாகம் குறைந்தது இரண்டாம்பட்சம்.

ஆக, முழுச் சுற்று திரும்ப வேண்டுமா, பெரிய கோணத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டுமா, விறைப்பு ஒரு துளிகூட இருக்கக் கூடாதா? பேரிங் வாங்கிப் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயுள் சோதனை

விறைப்பு சரியாக வந்த மேடைக்கு முதலில் 6 மி.மீ.யில் தடுப்பு கட்டுங்கள். யாராவது கையில் எடுத்ததும் இழுத்துப் பார்ப்பார்கள், அதுவும் முழு பலத்தோடு. பிறகு கியர் மோட்டாரில் 5 மி.மீ. எக்சென்ட்ரிக் (மையம் விலகிய சக்கரம்) போட்டு நொடிக்கு 2 சுற்று ஓட்டினால் ஒரு லட்சம் சுற்று 14 மணி நேரத்தில் முடியும், பத்து லட்சத்துக்கு ஆறு நாள் பிடிக்கும். அவசரப்பட்டு 20 சுற்றுக்கு ஏற்ற வேண்டாம். பிளாஸ்டிக் உள்ளுக்குள் சூடேறி இளகும், அப்போது சோதிப்பது வேறு பொருளை. பத்தாயிரம் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி 50 கிராம் தொங்கவிடுங்கள். 3.0 மி.மீ. என்பது 3.3 ஆகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ விரிசல் தொடங்கிவிட்டது.

விரிசலைத் தேட, வேர்களில் மார்க்கர் மையைத் தடவித் துடைத்துவிட்டுப் பாருங்கள், பிளவுக்குள் மை நிற்கும். அடிச்சட்டப் பக்க வேரின் அடிவிளிம்பில் நின்றால் முதல் அடுக்கு பரவியதுதான் காரணம், சரிவெட்டைப் பெரிதாக்குங்கள். வேரின் முழு அகலத்துக்கும் ஒரே கோடாக நின்றால் ஃபில்லட் போதவில்லை, அல்லது திரிபுக் கணக்கில் தடிமன் தவறு. உடைந்த பட்டையை மைக்ரோமீட்டரில் அளந்து மறுபடி போடுங்கள். பட்டையின் நட்டநடுவில் நின்றால் கணக்கை விட்டுவிட்டு ஸ்லைசருக்குப் போங்கள். இரு முனையும் இணையாகவே நகரும் பட்டையில் நடுப்புள்ளியில் வளைவுத் திருப்புத்திறன் சுழி. அங்கே உடைகிறது என்றால் இரண்டு வரிக்கும் நடுவே ஒட்டாத இடைவெளி இருக்கிறது, இல்லையென்றால் மோட்டார் மேடையைத் தள்ளுவதோடு திருகவும் செய்கிறது.